வேண்டாவின் அண்ணன்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், பேருந்து நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மெஸ் இருக்கிறது. பலகையில் செங்கல்வராயன் மெஸ் என்று எழுதியிருக்கும். அப்படிச் சொல்லி வழி கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வேண்டா கடை என்று கேட்கவேண்டும். சமைப்பது புருஷன் செங்கல்வராயன். கடையை நடத்துவது, அதாவது கத்துவது, வேண்டா. தனிக்கட்டையான எனக்கு ரிட்டயர்டு ஆன நாளிலிருந்து மூன்று வேளையும் அங்கேதான், திட்டும் சேர்த்து.

வேண்டா என்பது பட்டப்பெயர் இல்லை. ஆதார் அட்டையிலேயே அதுதான். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இருக்கிற ஒரு ஊரில், வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் அவள் கடைசி. இனிப் பெண் வேண்டாம், அடுத்தது ஆணாகக் கொடு என்று சாமிக்குச் சொல்லிவிடுகிற மாதிரி வைக்கிற பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வேண்டா இருப்பாள். இவள் விஷயத்தில் சாமி காதில் வாங்கவில்லை. இவளுக்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டிலே கட்டவில்லை.

அண்ணன் தம்பி இல்லாத குறையை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பொங்கலன்று தெரியும். அன்றைக்குத்தான் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்மார் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாகச் சீர் கொண்டுவருவார்கள். எதிர்வீட்டு விஜயகுமாரிக்கு அண்ணன்கள் ஒரு டாட்டா ஏஸ் நிறைய வந்து இறங்குவார்கள். சாலையில் இருக்கிற கடையெல்லாம் சாத்தியிருக்கும். வேண்டா மட்டும் திறந்து வைத்து இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டால், "ஜனங்க துன்னாம கொள்ளாம இருக்குமா?" என்பாள். அன்று சாப்பிட வருகிற ஜனம் பெரும்பாலும் நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்டவளுக்கு அண்ணன் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தான்.

செங்கல்வராயன் கல்யாணத்துக்கு முன்னால் ஏஜென்ட் மூலமாகக் காந்தகார் போய், அங்கே கனடாக்காரர்கள் இருந்த ராணுவ முகாமில் சமையல்காரராக இருந்தவர். நஜீப் அப்போது ஆப்கன் ராணுவத்தில் இளம் சிப்பாய். கனடாப் படையோடு சேர்ந்து ரோந்து போகிறவன். ஒருநாள் ராக்கெட் வருகிறது என்று சைரன் ஊதியபோது எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். நம்ம ஆள் பாதி வழியில் அடுப்பை அணைக்கவில்லையே என்று திரும்பி ஓடினார். சமையல்காரன் புத்தி. நஜீப்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் தள்ளினான். அன்றைக்குச் சமையல்கட்டு பாதி போய்விட்டது. அடுத்த வருஷம் ரோந்து போன இடத்தில் கண்ணிவெடி வெடித்து, நஜீபுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

இருவரும் போனில் விட்டு விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நஜீபுக்குக் கால் போன இடத்தில் சீழ் பிடித்து மறுபடி ஆபரேஷன் செய்யவேண்டும் என்று ஆனபோது, செங்கல்வராயன்தான் சென்னைக்கு வரச்சொன்னார். அது இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஜூலை. வீட்டில் மனைவி ஜர்மினா மாசமாக இருந்தாள். போன வேகத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவன், ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தன் அரசாங்கம் விழுந்ததை டிவியில் பார்த்தான். கனடாக்காரனோடு வேலை பார்த்தவன் திரும்பிப் போனால் உயிர் தங்காது. ஜர்மினா எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் இருக்கிற குவெட்டாவுக்குப் போய் அங்கே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். நஜீபை டிஸ்சார்ஜ் செய்து அழைத்துவந்து, மெஸ்ஸுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமில் தங்கவைத்தார் செங்கல்வராயன்.

முதலில் வேண்டாவுக்குப் பிடிக்கவில்லை. "யாரு இன்னான்னு தெரியாத ஆள இட்டாந்து வூட்ல வெச்சிகினு..." என்று புருஷனை ஒரு வாரம் வறுத்தாள். பிறகு அந்த ஆள் பின்பக்கம் தானே ஒரு மண் அடுப்புப் போட்டு நீள நீளமாக ரொட்டி சுட ஆரம்பித்தான். அது குருமாவோடு நன்றாகப் போயிற்று. வேண்டாவின் மனசும் மாறியது. நான் ரொட்டிக்காக மாறியது என்கிறேன், அவள் இல்லையென்கிறாள். தமிழும் அவன் இந்தக் கடையிலேயே கற்றதால் எங்களூர்த் தமிழாகவே வந்தது. ஆறடி உயரத்தில், தாடியோடு ஒருவன் "இன்னா நைனா, தோசயா?" என்று கேட்டால் மாமல்லபுரம் போகிற டூரிஸ்ட்டுகள் இலையை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

வேண்டாவின் மகள் ஜெயப்பிரியாவுக்கு மூன்றாவது வயசில் காது குத்துவதாக ஏற்பாடு. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். வேண்டாவுக்குத்தான் உடன்பிறந்தவன் இல்லையே. பெரியப்பா மகன் தாமோதரனைக் கேட்டார்கள். அவனும் சரியென்றான். விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஃபிளெக்ஸ் பேனரின் மாதிரியை அவனுக்குப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். தன் படத்தைவிடச் செங்கல்வராயனின் தம்பி கார்த்தியின் படம் பெரிதாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டான். பேனர் அடிப்பது கார்த்தியின் சொந்தக் கடை. அவன் படம் பெரிதாகத்தானே இருக்கும்?

வேண்டா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மாவு ஆட்டுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதாள். நஜீப் வந்து விஷயம் கேட்டான். அதுவரை அவளை நண்பனின் மனைவி என்ற முறையில் பாபி என்றுதான் கூப்பிடுவான்.

"மடிதான வேணும்? என் கைல கீது" என்றான்.

செங்கல்வராயன் தயங்கினார். வேண்டா தயங்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "வெள்ளிக்கெயம காலைல குளிச்சிட்டு ரெடியா இரு அண்ணா" என்றாள்.

கார்த்திக்குப் பேனரைப் புதிதாகச் செய்ய நேரமில்லை. தாமோதரனின் தலையை எடுத்துவிட்டு அதே இடத்தில் நஜீபின் தலையை ஒட்டினான். கழுத்துக்கு மேலே நஜீப், கீழே தாமோதரனின் பட்டு வேட்டியும் தங்கச் சங்கிலியும். படத்தில் அவனுக்கு இரண்டு காலும் இருந்தன. கீழே 'தாய்மாமன், காந்தகார் சிங்கம் நஜீப்' என்று தங்க நிற எழுத்து.

விசேஷத்தில் சிங்கத்துக்குச் சம்மணம் போட வரவில்லை. செயற்கைக் காலின் பாதம் மடங்காது. அதைக் கழற்றிச் சீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தான். கல்யாண வீடியோக்காரன் வாழைப்பழத்தையும் தேங்காயையும் காலையும் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறான். பத்தர் குத்தினார், குழந்தை வீரிட்டது, நஜீப் அதைவிடச் சத்தமாக அழுதான். அப்படியொரு தாய்மாமனை நாங்கள் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தெருவுக்கே அவன் வேண்டாவின் அண்ணன்.

விசேஷம் முடிந்தால் பேனரை யாராவது தூக்கி எறிவார்களா? நல்ல கனமான ஷீட். வேண்டா அதைப் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு மேலே கூரையாகக் கட்டிவிட்டாள். வெயில் மழை இரண்டையும் தாங்கியது. கொஞ்ச நாளில் அது பேனர் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

இதற்கிடையில், கனடா தன்னோடு நின்று ஊனமான ஆப்கானியர்களைக் குடும்பத்தோடு எடுத்துக்கொள்கிறது என்று செய்தி வந்தது. நஜீப் மனுப் போட்டான். குவெட்டாவில் ஜர்மினாவும் போட்டாள். எல்லாம் ஒழுங்காக நகர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் பாகிஸ்தானில் ஆப்கானியர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஜர்மினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக மாறிக்கொண்டிருந்தாள். கனடா அனுமதி சீக்கிரம் வந்தால் தப்பித்தாள். வராவிட்டால் காந்தகாருக்கே திருப்பிவிடுவார்கள்.

கடைசிக் கட்டமாக, சென்னையில் அகதிகளைக் கவனிக்கிற ஒரு உதவி அமைப்பிலிருந்து ஸ்ரீதேவி என்ற பெண் மனு விஷயமாக வீட்டைப் பார்க்க வந்தாள். நல்ல வெயில். வேண்டா அவளுக்குக் குளிர்ச்சியான இடம் எதுவென்று பார்த்து, பின்பக்கம் அந்தக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். ஸ்ரீதேவி காபியைக் குடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். தங்க எழுத்து அப்படியே இருந்தது.

"அக்கா, இவர் உங்களுக்கு அண்ணனா?"

"ஆமா மேடம்" என்றாள் வேண்டா, பெருமையாக.

ஸ்ரீதேவி வெளியே வந்து அக்கம்பக்கத்திலும் விசாரித்தாள். விஜயகுமாரி, "வேண்டாவோட அண்ணந்தான், தங்கமான மனுஷன்" என்றாள். பஞ்சர் கடை ஜெரோம், "அவுரு எங்கயும் போமாட்டாரு மேடம், இது அவுரு வூடு" என்றான். நான் அன்று செங்கல்பட்டு போயிருந்தேன். இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நல்ல பிள்ளை என்று சொன்னால் விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும்.

மனு நின்றுபோனது.

காரணத்தைச் சொல்ல ஸ்ரீதேவியே மறுபடி வந்தாள். இருக்கிற ஊரிலேயே சொந்தபந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வாழ வழியிருக்கிறவர்களை அந்தத் திட்டத்தில் எடுக்கமாட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்குத்தான் அது. இங்கே தங்கை இருக்கிறாள், தங்கை மகள் இருக்கிறாள், தெருவே உறவாக இருக்கிறது என்று தான் பார்த்ததை அவள் எழுதவேண்டியிருந்தது. இப்போது கனடா அதிகாரி வீடியோவில் வேண்டாவிடமே கேட்கப்போகிறார்.

தெருவில் அன்றைக்கு மாநாடே நடந்தது. ஜெரோம், "நாங்க எல்லாரும் மாத்திச் சொல்லிடறோம் மேடம். அவுரு மோசமான ஆளு, குடிகாரன், யாருகிட்டயும் பேசமாட்டாருன்னு சொல்லவா?" என்றான். ஸ்ரீதேவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணா, பொய்யே வேண்டாம். உண்மை போதும். அக்கா, அவருக்கும் உங்களுக்கும் ரத்த உறவு உண்டா? இல்லையே. அதைச் சொல்லுங்க. அவர் எங்களுக்கு யாரும் இல்லை, இடமில்லாம தங்க வெச்சிருக்கோம். அவ்வளவுதான்."

"அத்த நான் சொல்லமாட்டேன்" என்றாள் வேண்டா.

செங்கல்வராயன் பதறிவிட்டார். "இன்னாடி பேசற? அவன் பொண்டாட்டி புள்ள அங்க மாட்டிகினு கீது. ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"மடில உக்காத்தி வெச்சி காது குத்துனவன யாரோன்னு சொன்னா புள்ளைக்கு ஆவுமா? அப்புறம் அந்தக் காது குத்துனதுக்கு இன்னா அர்த்தம்? நீ சொல்லிக்க. உன் ஃபிரண்டுதான."

கேட்கப்போவது அவளைத்தான் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. பொய் சொல்லமாட்டேன் என்றாள். அது பொய்யில்லை என்று ஸ்ரீதேவி சொன்னாள். பொய்தான் என்று இவள் சொன்னாள். எனக்கு வேண்டாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன பிடிவாதம் இது, ஒரு குடும்பம் அங்கே தவிக்கிறது, இவளுக்கு முறை முக்கியமா என்று நினைத்தேன். நஜீப் மட்டும் அவளைக் கேட்கவே இல்லை. பாத்திரத்தைத் தேய்த்தான், ரொட்டி சுட்டான், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் நஜீப் தினமும் குவெட்டாவுக்கு வீடியோ கால் போடுவான். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருப்பான். வேண்டா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "சாப்டியா ஜர்மினா?" என்று தமிழிலேயே கத்துவாள். ஜர்மினா புரிந்ததுபோலச் சிரிப்பாள். அன்றும் அப்படித்தான். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜர்மினா எதையோ எடுக்க எழுந்து போனாள். அந்தச் சின்னப்பெண் போனருகே வந்து, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனைத் தூக்கி எங்கேயோ வைத்தது. இங்கே குழந்தையின் முகவாயும் கூரையும் மட்டும் தெரிந்தன.

வேண்டா எட்டிப் பார்த்தாள். "இன்னா பண்ணுது?"

"அப்பாவ மடில வெச்சிகினு கீது" என்றான் நஜீப்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தினமும் அது அப்படித்தான் செய்யுமாம். வேண்டா கையில் வைத்திருந்த எச்சில் தட்டுகளோடு அங்கேயே நின்றாள். திரையில் முகவாய் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை ஏதோ பாடியது. ஜெயப்பிரியா ஓடிவந்து நஜீபின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன் பங்குக்குத் திரையைப் பார்த்துக் கையாட்டினாள். வேண்டா தன் மகளை இறக்கித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எம்புள்ளய மடில வெச்சிட்டான். பெத்த புள்ளய இன்னும் தொடல. நான் இன்னா ஜென்மம்." ஸ்ரீதேவிக்கு அவளே போன் போட்டாள்.

விசாரணை கடையிலேயே நடந்தது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து அதன்மேல் ஸ்ரீதேவி லேப்டாப்பை வைத்தாள். திரையில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள். நஜீப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே அனுப்பலாமா என்று ஸ்ரீதேவி கேட்டதற்கு, வேண்டா, "இருக்கட்டும். அவுருக்குத் தெரியாம இன்னா பேசப்போறேன்" என்றாள். அவர் என்று அவனை அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அதிகாரி கேட்டார், ஸ்ரீதேவி தமிழில் சொன்னாள். "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"தாய்மாமன்னு போட்டிருக்கிற படம்?"

"எனக்குக் கூடப்பொறந்தவன் யாரும் இல்ல. ஆம்பளப் புள்ள வேணும்னுதான் எனக்கு இந்தப் பேரே வெச்சாங்க. காது குத்த ஆளு வரல. அதனால இவுர உக்காத்தி வெச்சோம்."

"அவர் இங்கேயே தங்கிட்டா நீங்க கடைசி வரைக்கும் பார்த்துப்பீங்களா?"

வேண்டா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொள்வேன் என்பதுதான் உண்மை. அது எனக்குத் தெரியும், ஸ்ரீதேவிக்கும் தெரியும். நஜீப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுருக்குப் பொண்டாட்டி புள்ள கீது. அவங்கதான் அவுருக்குச் சொந்தம்" என்றாள். பிறகு, கேட்காமலேயே, "இங்க அவுருக்கு யாரும் இல்ல" என்றாள்.

அந்த அம்மாள் நன்றி சொல்லித் திரை அணைந்ததும் வேண்டா எழுந்து பின்பக்கம் போனாள். கூரைக்குக் கட்டியிருந்த கயிறுகளை அறுத்து ஷீட்டை இறக்கிச் சுருட்டினாள். ஸ்ரீதேவி பின்னாலேயே போய், "அக்கா, இனிமே அது இருந்தா பரவாயில்லை" என்றாள். "வெயில்ல வெளுத்துப் போவுது மேடம்" என்று சொல்லி, அதைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றினாள்.

அனுமதி வந்தது. நஜீப் கிளம்பிய காலையில் தெருவே சாலைக்கு வந்துவிட்டது. ஜெரோம் அழுதான், ஜெயப்பிரியா அழுதாள். வேண்டா மட்டும் கார்க்காரன் லேட்டாக வந்ததற்காக அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். இட்லிப் பொடியை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். காருக்குள் ஏறியபின் நஜீப் கண்ணாடியை இறக்கி, "போய்ட்டு வரேம்மா" என்றான். அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்திருப்பாள். ஒரு மாசம் கழித்து, கனடாவில் ஒரு விமான நிலையத்தில் அவன் மடியில் அந்தச் சின்னப்பெண் உட்கார்ந்திருக்கிற படம் போனுக்கு வந்தது. தெரியாத ஆளின் மடியில் உட்கார்ந்த பயத்தில் அது அழுதுகொண்டிருந்தது. வேண்டா அதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டினாள்.

அடுத்தது பொங்கல். வழக்கம்போலக் காலையில் குளித்துவிட்டு இட்லி சாப்பிடக் கிளம்பினேன். மெஸ் சாத்தியிருந்தது. இத்தனை வருஷத்தில் பொங்கலன்று அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பக்கவாட்டுச் சந்து வழியாக வீட்டுப்பக்கம் போனேன்.

வாசலில் கார்த்தியின் வண்டி நின்றது. அவன் கரும்புக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய், ஒரு பட்டுப்புடவை, குழந்தைக்குப் பாவாடை. எல்லாம் தட்டில் முறைப்படி அடுக்கியிருந்தது. வருஷா வருஷம் தான் அனுப்புகிற பணத்தில் இன்னின்னது வாங்கி இந்த நாளில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று நஜீப் கிளம்புவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். சீரில் என்னென்ன இருக்கவேண்டும் என்று விஜயகுமாரி வீட்டுத் தட்டுகளைப் பார்த்து வைத்திருந்தானாம்.

எதிர்வீட்டில் விஜயகுமாரி தன் அண்ணன்களோடு வாசலில் நின்றிருந்தாள். "இன்னா வேண்டா, ஊர்ப்பட்ட கரும்பு? யாரு குட்த்தது?" என்று கேட்டாள்.

வேண்டா நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் குரல் என்னவோ கடையில் ஆர்டர் சொல்கிற அதே குரல்தான். அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"எங்கண்ணன் வூட்டு சீரு" என்றாள்.

அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கடை லீவு. போய் உக்காரு, பொங்கல் பொங்குனதும் தரேன்" என்றாள்.